இரண்டு விதக் குளிர்

வயிற்றில் கத்திக்குத்துப்பட்டு வந்த ஓர் இளைஞரின் அறுவைச் சிகிச்சையில் நான் மயக்க மருத்துவராகத் தலைமாட்டில் நின்றிருந்தேன். உணவுக்குழாய்க்குள் செலுத்தியிருந்த வெப்ப உணரி 33.4 டிகிரி செல்சியஸ் என்று காட்டியது. அறையின் குளிர்சாதனத்தைத் தொடக்கத்திலேயே நிறுத்தச் சொல்லியிருந்ததால் அறுவை மருத்துவரின் நெற்றியில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது. செவிலியர் அதைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஆனால் விரிப்புக்குள் கைவிட்டு நோயாளியின் பாதத்தைத் தொட்டபோது அது கல்லைப்போல் சில்லிட்டிருந்தது. கத்தி கிழித்த இடத்திலிருந்து மட்டுமல்லாமல், நாங்கள் ஊசி குத்திய துளைகளிலிருந்தும் இரத்தம் கசிந்தது. உறிஞ்சுகுழாயின் ஜாடியில் சேர்ந்த இரத்தம் நெடுநேரமாகியும் உறையாமல், ஜாடியை அசைத்தால் தண்ணீரைப்போல் அலைந்தது. அதைப் பார்த்தவுடன் எங்களில் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. அறுவை மருத்துவர் தையலை நிறுத்திவிட்டு, இரத்தம் வரும் இடங்களைத் துணிச்சுருள்களால் அடைத்து, வயிற்றை அப்படியே தற்காலிகமாக மூடினார். அந்த இளைஞரை முதலில் சூடாக்க வேண்டும், மற்றதெல்லாம் பிறகுதான்.

என் பணி வாழ்க்கை முழுவதும் இப்படித்தான் கழிந்திருக்கிறது. கடுமையாகக் காயப்பட்டு வருகிறவர்களைக் குளிரிலிருந்து மீட்பது, உடலுக்குள் போகும் ஒவ்வொரு துளி இரத்தத்தையும் சலைனையும் சூடேற்றிக் கொடுப்பது, சூடான காற்று ஊதும் போர்வையால் மூடுவது, ஈரத்துணியை வெட்டியெறிந்து உடலை உலர்த்துவது. அதனால்தான், இரத்தம் வடிந்து இதயம் நின்றுபோன ஒருவரின் பெருந்தமனிக்குள் பனிக்கட்டிக் குளிர்ச்சியுள்ள உப்புநீரைப் பாய்ச்சி, அவரை 10 டிகிரி அளவுக்கு வேண்டுமென்றே குளிரவைக்கும் முயற்சியைப் பற்றி முதன்முதலில் படித்தபோது என் மனம் அதை ஏற்கவில்லை. எதை எதிர்த்து இரவெல்லாம் போராடுகிறோமோ, அதையே மருந்தாகக் கொடுப்பதா? இந்தக் கேள்விக்கு எனக்குத் திருப்தியான விடை கிடைக்கப் பல காலம் பிடித்தது. கிடைத்த விடையை எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியதால் இந்தப் பதிவு.

முதலில், காயப்பட்டவருக்குக் குளிர் ஏன் எமனாகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். இரத்தம் உறைவது என்பது நொதிகள் ஒன்றையொன்று தூண்டிவிடும் நீண்ட சங்கிலி. நொதிகள் 37 டிகிரியில் வேலை செய்வதற்கென்றே அமைந்தவை. உடல்வெப்பம் 34 டிகிரிக்குக் கீழே போகும்போது அவற்றின் வேகம் குறைகிறது. தட்டணுக்களும் ஒட்டவேண்டிய இடத்தில் ஒட்டுவதில்லை. உறையாததால் இரத்தம் மேலும் போகிறது. இரத்தம் போவதால் திசுக்களுக்கு ஆக்சிஜன் குறைகிறது. ஆக்சிஜன் இல்லாத செல்கள் லாக்டிக் அமிலத்தைக் கக்குகின்றன. அந்த அமிலத்தன்மை உறைதலை மேலும் கெடுக்கிறது. குளிர், அமிலம், உறையாமை ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று கைகொடுத்து மனிதரைக் கீழே இழுப்பதைத்தான் காயச் சிகிச்சையில் மரண முக்கோணம் என்கிறோம். 1987ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வை எங்கள் துறையில் படிக்காதவர் இருக்க முடியாது. கடுமையாகக் காயப்பட்ட 71 பேரைக் கவனித்த அந்த ஆய்வில், உள்வெப்பம் 32 டிகிரிக்குக் கீழே இறங்கியவர்களில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. தற்செயலாகப் பனியில் சிக்கி, காயமின்றி வருகிறவருக்கு 32 டிகிரி என்பது சமாளிக்கக்கூடிய அளவுதான். அதே 32 டிகிரி, இரத்தம் இழந்தவருக்கு ஏன் முடிவாகிறது? இந்த இடத்தில்தான் நான் முதலில் நின்று யோசித்திருக்க வேண்டும்.

காயப்பட்டவரின் உடல் ஏன் குளிர்கிறது என்று கேட்டால், வெளியே கிடந்தார், உடை நனைந்திருந்தது, குளிர்ந்த சலைன் ஏற்றினார்கள் என்று காரணங்களை அடுக்குவோம். அவையெல்லாம் உண்மைதான். ஆனால் அடிப்படைக் காரணம் வேறு. உடல் தன் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது; அதற்கு ஆக்சிஜன் வேண்டும், எரிபொருள் வேண்டும். இரத்தம் போய்விட்டால் ஆக்சிஜன் போய்ச்சேர வழியில்லை. அடுப்பில் விறகு இருந்தும் காற்று இல்லாத நிலை. செல்லுக்குள் ஆற்றல் நாணயமாகப் புழங்கும் ஏ.டி.பி. தீர்ந்துவிடுகிறது. உடல் நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளவும் முடியாமல் போகிறது. ஆகவே அந்த 32 டிகிரி, செல்கள் ஏற்கெனவே திவாலாகிவிட்டன என்பதன் அறிவிப்பு. குளிர் பிறகு தன் பங்குக்குக் கேடு செய்கிறது என்றாலும், அது வருவதற்கு முன்பே கேடு நடந்து முடிந்திருக்கிறது.

நாமாகக் கொடுக்கும் குளிரின் வரிசை இதற்கு நேர்மாறானது. கையிருப்பில் ஆற்றல் இன்னும் மிச்சமிருக்கும்போதே செலவை நிறுத்துவதுதான் அதன் நோக்கம். உடல்வெப்பம் ஒரு டிகிரி குறையும்போது வளர்சிதை மாற்றத்தின் வேகம் ஏறத்தாழ 6 முதல் 7 சதவீதம் குறைகிறது. 10 டிகிரி குறைந்தால் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ ஆகிவிடுகிறது. வருமானம் நின்றுபோன வீட்டில், சேமிப்பு தீர்ந்தபின் அடுப்பு அணைவதும், வருமானம் நின்ற அன்றே செலவைக் கட்டிப்போட்டுச் சேமிப்பைக் காப்பதும் பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கும். இரண்டு வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. வெப்பமானியில் தெரிவது அந்த அணைந்த அடுப்பு மட்டும்தான். சேமிப்பு எவ்வளவு மிச்சம் என்பதை அது காட்டாது.

இந்தக் கணக்கை இன்னும் கொஞ்சம் உன்னிப்பாகப் பார்த்தால் ஒரு வியப்பு இருக்கிறது. சாதாரண வெப்பத்தில் இரத்த ஓட்டம் நின்ற ஐந்து நிமிட அளவில் மூளைச் செல்களில் மீளாத சேதம் தொடங்குகிறது. வெப்பத்தை 37லிருந்து 17க்கு இறக்கினால், பாதியின் பாதியாகக் கால்பங்கு வேகம் என்று வைத்துக்கொண்டால், 20 நிமிடம் தாங்க வேண்டும். ஆனால் நடைமுறையில் மூளை அதைவிட அதிகமாகத் தாங்குகிறது. காரணம், குளிர் செலவைக் குறைப்பதோடு நிற்பதில்லை. ஆக்சிஜன் இழந்த நரம்புச் செல்கள் குளூட்டமேட் என்ற வேதிப்பொருளை வரம்பின்றிக் கொட்டுகின்றன. அது பக்கத்துச் செல்களின் கதவுகளைத் திறந்து கால்சியத்தை உள்ளே வெள்ளமாகப் பாய்ச்சுகிறது. அந்தக் கால்சியம் செல்லைத் தன்னைத்தானே தின்னவைக்கிறது. குளிர் இந்தக் கொட்டலையே அடக்குகிறது. இரத்த ஓட்டம் திரும்பியபின் நடக்கும் அழற்சியையும் ஓரளவுக்கு மட்டுப்படுத்துகிறது. எனக்கு இந்த மருத்துவத்தில் மிகவும் பிடித்த பகுதி இதுதான் என்று தயங்காமல் சொல்வேன். வேறு எந்த ஒரு மருந்தும் இத்தனை வழிகளையும் ஒரே நேரத்தில் அடைப்பதில்லை.

இதயம், பெருந்தமனி அறுவை செய்கிறவர்களுக்கு இது புதிய செய்தியல்ல. கனடாவின் டொரான்டோவில் வில்ஃப்ரெட் பிகலோ நாய்களைக் குளிரவைத்துச் செய்த ஆய்வுகளின் தொடர்ச்சியாக, 1952 செப்டம்பர் 2 அன்று மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜான் லூயிஸ் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியைக் குளிர்போர்வைகளால் 28 டிகிரிக்குக் கொண்டுவந்து, இதயத்துக்கு வரும் இரத்தத்தை ஐந்தரை நிமிடம் நிறுத்தி, இதய மேலறைகளுக்கு இடையே இருந்த ஓட்டையைத் தைத்து மூடினார். இதய நுரையீரல் இயந்திரம் மனிதரில் வெற்றிகரமாகப் பயன்படுவதற்கு முந்தைய ஆண்டு அது. 1975ல் ராண்டால் கிரிப் ஆழ்ந்த குளிரின் துணையோடு பெருந்தமனி வளைவையே மாற்றிய அனுபவத்தை வெளியிட்டார். இன்றும் அத்தகைய அறுவைகளில் உடலை 18 முதல் 20 டிகிரிக்குக் குளிரவைத்து, இயந்திரத்தையும் நிறுத்திவிட்டு, இரத்தமே ஓடாத உடலில் ஏறத்தாழ அரைமணி நேரம் வேலை செய்கிறார்கள். மயக்க மருத்துவராக அந்த நிமிடங்களில் நின்றவர்களுக்குத் தெரியும்: திரையில் கோடுகள் எல்லாம் நேர்கோடாகிவிடும், எச்சரிக்கை ஒலிகளை நாமே அணைத்துவைத்திருப்போம், அறை முழுவதும் ஒருவர் நிமிடங்களை வாய்விட்டு எண்ணும் குரல் மட்டும் கேட்கும்.

விபத்தாக நேர்ந்த குளிரும் இதற்குச் சான்று சொல்லியிருக்கிறது. 1999 மே மாதம் நார்வேயில் பனிச்சறுக்கின்போது ஒரு பெண் மருத்துவர் உறைந்த ஓடையின் பனிக்கட்டிக்கு அடியில் சிக்கினார். பனிக்கும் நீருக்கும் இடையில் கிடைத்த காற்றில் ஏறத்தாழ 40 நிமிடம் உயிரோடு இருந்தபின்தான் அவருடைய இரத்த ஓட்டம் நின்றது. வெளியே எடுக்க மொத்தம் 80 நிமிடம் ஆயிற்று. ட்ரோம்சோ நகர மருத்துவமனையில் அளந்தபோது உள்வெப்பம் 13.7 டிகிரி. இதய நுரையீரல் இயந்திரத்தில் சூடேற்றி, அவர் பிழைத்து, பிறகு தன் மருத்துவப் பணிக்கே திரும்பினார். இந்தக் கதையில் எல்லோரும் 13.7 என்ற எண்ணைத்தான் வியக்கிறார்கள். நான் அந்த 40 நிமிடத்தைப் பார்க்கிறேன். மூச்சும் இரத்த ஓட்டமும் இருந்த நிலையிலேயே மூளை குளிர்ந்துவிட்டது. இதயம் நின்றது அதன்பிறகு. குளிர் முந்திக்கொண்டது. இரத்தம் வடிந்து 32 டிகிரிக்கு வந்தவரிடம் அது பிந்தி வந்தது.

இரத்தம் வடிந்து இதயம் நின்றவருக்கும் குளிரை முந்திக்கொள்ளச் செய்ய முடியுமா என்று கேட்டவர்கள் இருவர். ஒருவர் பீட்டர் சாஃபர். வியன்னாவில் பிறந்து அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் பணியாற்றிய மயக்க மருத்துவர். வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுப்பதையும் மார்பை அழுத்துவதையும் இணைத்து இன்றைய உயிர்மீட்பு முதலுதவிக்கு வடிவம் தந்தவர்களில் முதன்மையானவர். 1966ல் அவருடைய சிறுவயது மகளுக்கு ஆஸ்துமா முற்றி மூச்சு நின்றது. இதயத்தைத் திரும்பத் துடிக்கவைக்க முடிந்தது, மூளை திரும்பவில்லை. அதன்பிறகு அவருடைய உழைப்பு முழுவதும் மூளையைக் காப்பதை நோக்கித் திரும்பியது. மற்றவர் ரொனால்ட் பெல்லமி. அமெரிக்க இராணுவ அறுவை மருத்துவர். வியட்நாம் போரில் இறந்தவர்களின் காயங்களை ஆராய்ந்த அவருக்கு ஒன்று உறுத்தியது. அவர்களில் பலருக்கு இருந்தவை தைத்துச் சரிசெய்யக்கூடிய காயங்கள். ஆனால் சில நிமிடங்களிலேயே இரத்தம் வடிந்து இறந்திருந்தார்கள். காயத்தைச் சரிசெய்யத் தெரிந்த கைகள் இருந்தும் நேரம் இல்லை. 1980களில் இந்த இருவரும் சேர்ந்து யோசித்ததன் விளைவுதான், முதலில் உடலை அப்படியே காத்துவைப்போம், காயத்தைத் தைப்போம், உயிர்மீட்பைப் பிறகு செய்வோம் என்ற தலைகீழ் வரிசை. நாம் பழகிய ஒழுங்கில் உயிர்மீட்புதான் முதலில் வரும். அந்த ஒழுங்கைப் புரட்டிப்போடும் துணிவு எளிதில் வராது.

பிட்ஸ்பர்க்கில் நாய்களில் நடந்த சோதனைகளை 2003ல் வெளியிட்டார்கள். இரத்தத்தை வடித்து, பெருந்தமனி வழியாகக் குளிர்ந்த சலைனைப் பாய்ச்சி மூளையை 10 டிகிரி அளவுக்குக் கொண்டுவந்து, 60 முதல் 120 நிமிடம் வரை இரத்த ஓட்டமே இல்லாமல் வைத்திருந்து மீட்டபோது, மூளைக் குறைபாடின்றி விலங்குகள் பிழைத்ததைக் காட்டினார்கள். ஹசன் ஆலம், பீட்டர் ரீ ஆகியோரின் குழு பன்றிகளில் செய்த சோதனைகள் இன்னொரு முக்கியச் செய்தியைச் சொல்லின: எவ்வளவு குளிரவைக்கிறோம் என்பதைப் போலவே எவ்வளவு வேகமாகக் குளிரவைக்கிறோம் என்பதும் உயிரைத் தீர்மானிக்கிறது. நிமிடத்துக்கு அரை டிகிரி என்று மெதுவாகக் குளிரவைத்ததைவிட, நிமிடத்துக்கு 2 டிகிரி என்று வேகமாகக் குளிரவைத்தபோது பிழைத்தவை அதிகம். விலங்குகளுக்கு நேர்ந்ததைப் படிக்கும்போது மனம் கனக்கிறது. அந்தக் கனத்தோடுதான் இந்த எண்களை எழுதுகிறேன்.

நிமிடத்துக்கு 2 டிகிரி என்பதை எங்கள் அறுவை அரங்கின் மொழியில் சொன்னால்தான் அதன் கடினம் புரியும். 70 கிலோ எடையுள்ள உடலின் வெப்பத்தை ஒரே ஒரு டிகிரி இறக்க ஏறத்தாழ 245 கிலோஜூல் வெப்பத்தை வெளியே எடுக்க வேண்டும். 4 டிகிரியில் உள்ள ஒரு லிட்டர் சலைன், 37 டிகிரிக்குச் சூடாவதற்குள் உறிஞ்சிக்கொள்வது ஏறத்தாழ 138 கிலோஜூல்தான். அதாவது, ஒரு துளிக் குளிரும் வீணாகாது என்று வைத்துக்கொண்டாலும் முதல் டிகிரிக்கே இரண்டு லிட்டர் அளவுக்குத் தேவை. உடல் குளிரக் குளிர, சலைனுக்கும் உடலுக்கும் உள்ள வெப்ப வேறுபாடு குறைவதால் அடுத்தடுத்த டிகிரிகளுக்கு இன்னும் அதிகம் தேவை. ஐஸ் பைகளை அக்குளிலும் தொடையிடுக்கிலும் வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு ஒன்றிரண்டு டிகிரி இறங்கினாலே பெரிது. ஆகவே தோல் வழியாக இந்த வேலை நடக்காது. கையில் போடும் டிரிப் ஊசி வழியாகவும் நடக்காது. பெருந்தமனியிலேயே பெரிய குழாயைப் போட்டு, பீய்ச்சும் பம்பை வைத்து, முதலில் மூளைக்கும் இதயத்துக்கும் போகும்படி பாய்ச்சினால்தான் முடியும். உடல் முழுவதையும் குளிரவைக்கக் காத்திருக்காமல் மூளையை முதலில் எட்டுவதுதான் உத்தி.

இந்த முறை மனிதர்களுக்கு எப்படி வகுக்கப்பட்டது என்பதை, நான் புரிந்துகொண்ட வரிசையில் சொல்கிறேன். சாஃபரின் மாணவரான சாமுவேல் டிஷர்மன் முதலில் பிட்ஸ்பர்க்கிலும், பிறகு பால்டிமோரில் உள்ள மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் காய சிகிச்சை மையத்திலும் இந்த ஆய்வை நடத்தினார். குளிரவைக்கப்படும் 10 பேரையும், வழக்கமான சிகிச்சை பெறும் 10 பேரையும் ஒப்பிடுவது திட்டம். வயது 18 முதல் 65 வரை. துப்பாக்கிக் குண்டோ கத்தியோ துளைத்த காயம். இரத்த இழப்பால் இதயம் நின்று சில நிமிடங்களே ஆகியிருக்க வேண்டும். நெஞ்சைத் திறந்து, பெருந்தமனிக்குக் கிளாம்ப் போட்டு, இதயத்தைக் கையால் பிசைந்து, இரத்தம் ஏற்றியும் துடிப்பு திரும்பாதவர்களுக்கு மட்டும்தான் இது. வாகன மோதல் போன்ற மொத்தை அடிகளில் தலை, நெஞ்சு, வயிறு, எலும்பு என்று காயம் பல இடங்களில் சிதறியிருக்கும். கிடைக்கும் நேரத்துக்குள் எல்லாவற்றையும் சரிசெய்ய முடியாது என்பதால் அவர்களைச் சேர்க்கவில்லை. இந்தக் கட்டுப்பாடு எனக்குச் சரியாகவே படுகிறது. குளிர் நேரத்தை மட்டும்தான் வாங்கித் தருகிறது; அந்த நேரத்துக்குள் தைத்து முடிக்கக்கூடிய ஓட்டையாக இருந்தால்தான் வாங்கியதில் பயன் உண்டு.

நெஞ்சு ஏற்கெனவே திறந்திருப்பதால் இறங்கு பெருந்தமனிக்குள் நேரடியாகக் குழாயைச் செருகிப் பனிக்குளிர்ந்த சலைனைப் பாய்ச்சுவார்கள். வலது மேலறையைத் திறந்துவிட்டு வரும் நீரை வெளியேற்றுவார்கள். காதுக்குள் செவிப்பறையருகே வைத்த உணரி மூளையின் வெப்பத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும். வெப்பம் 10 முதல் 15 டிகிரிக்கு இறங்கியதும் இதயமும் இல்லை, மூச்சும் இல்லை, மூளையின் மின்னலைகளும் இல்லை. அந்த நிலையில் நோயாளியை அறுவை அரங்குக்குக் கொண்டுபோய் ஓட்டையைத் தேடித் தைக்கிறார்கள். இரத்த ஓட்டமில்லாத உடலில் கசிவைத் தேடுவது எவ்வளவு விசித்திரமான அனுபவமாக இருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். வழக்கமாக இரத்தம்தான் இடத்தைக் காட்டிக்கொடுக்கும், இரத்தம்தான் பார்வையையும் மறைக்கும். இங்கே இரண்டும் இல்லை. ஏறத்தாழ 2 மணி நேரத்துக்குள் வேலையை முடித்து, இதய நுரையீரல் இயந்திரத்தில் இணைத்து, இரத்தத்தை நிரப்பியபடி மெதுவாகச் சூடேற்ற வேண்டும்.

சூடேற்றும் கட்டம்தான் என்னைப் போன்றவர்களின் தூக்கத்தைக் கெடுக்கும் கட்டம். வழக்கமாக அந்த இயந்திரத்தின் குழாய்களில் இரத்தம் உறைந்துவிடாதிருக்க ஹெப்பாரின் கொடுப்போம். காயப்பட்ட உடலுக்கு ஹெப்பாரின் கொடுப்பது, அடைத்துவைத்த கசிவுகளை எல்லாம் திறந்துவிடுவதற்குச் சமம். உடலில் இருந்த இரத்தம் முழுவதும் கழுவப்பட்டுவிட்டதால் உறைபுரதங்களும் தட்டணுக்களும் வெளியிலிருந்துதான் வந்தாக வேண்டும். ஆக்சிஜன் திரும்பியவுடன் செல்களிலிருந்து வெளிப்படும் பொட்டாசியம் இதயத்தின் லயத்தைக் குலைக்கும். 28 டிகிரியைச் சுற்றி இதயம் சீராகத் துடிக்காமல் வெறுமனே துடிதுடித்துக்கொண்டிருக்கும் நிலைக்கு எளிதில் போய்விடும். நான் தொடக்கத்தில் சொன்ன மரண முக்கோணத்தின் மூன்று முனைகளும் இங்கே மறுபடி காத்திருக்கின்றன. குளிரவைத்தவர்கள் அதை ஏமாற்றிவிடவில்லை. அதைச் சந்திப்பதற்கு முன் ஓட்டையைத் தைத்துவிட்டார்கள். வேறுபாடு அவ்வளவுதான். ஆனால் தைக்கப்பட்ட உடலோடு அந்த முக்கோணத்தைச் சந்திப்பதும், ஒழுகும் உடலோடு சந்திப்பதும் ஒன்றல்ல.

இந்த நம்பிக்கைக்குக் கடிவாளம் போடும் செய்திகளையும் சொல்லியாக வேண்டும். மிதமான குளிர், அதாவது 32 முதல் 34 டிகிரி வரை, ஒரு காலத்தில் எங்கள் துறையைக் கவர்ந்திழுத்தது. மாரடைப்பு போன்ற காரணங்களால் இதயம் நின்று மீண்டவர்களுக்கு அது மூளையைக் காக்கிறது என்று 2002ல் இரண்டு ஆய்வுகள் ஒருசேர வந்தபோது உலகெங்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் குளிர்போர்வைகள் வந்துசேர்ந்தன. தலையில் அடிபட்டவர்களைச் சுற்றி ஐஸ் பைகளை அடுக்கியவர்களில் நானும் ஒருத்தி. நல்லது செய்கிறேன் என்ற முழு நம்பிக்கையோடு செய்தேன். தலைக்காயத்துக்குக் குளிர் பயன் தரவில்லை என்று 2001லேயே 392 பேரை வைத்து நடந்த ஆய்வு சொல்லியிருந்தது. 2015ல் ஐரோப்பாவில் நடந்த ஆய்வு, குளிரவைக்கப்பட்டவர்களின் நிலை மோசமானதைக் கண்டு முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. 2018ல் வெளிவந்த 511 பேர் கொண்ட ஆய்வும் பயனைக் காட்டவில்லை. இதயம் நின்று மீண்டவர்களிடத்திலும், 2021ல் ஏறத்தாழ 1,900 பேரைச் சேர்த்த ஆய்வில், 33 டிகிரிக்குக் குளிரவைத்தவர்களுக்கும் காய்ச்சல் வராமல் மட்டும் பார்த்துக்கொண்டவர்களுக்கும் உயிர்பிழைப்பதில் வேறுபாடு இல்லை. நான் ஐஸ் அடுக்கிய படுக்கைகள் இன்னும் என் நினைவில் இருக்கின்றன. அவர்களில் யாருக்காவது என்னால் நிமோனியா கூடியதா, இரத்தக்கசிவு பெருகியதா என்ற கேள்வியை நான் விலக்கிவைக்க விரும்பவில்லை.

ஆனால் அந்த ஆய்வுகளை ஆழ்ந்த குளிருக்கு எதிரான தீர்ப்பாகப் படிப்பதும் தவறு. அங்கே இரத்த ஓட்டம் நின்றோ மூளை அடிபட்டோ சேதம் நடந்த பின்புதான் குளிர் வந்தது. வரிசையில் பிந்திய குளிர் அது. இரத்த ஓட்டம் திரும்புவதற்கு முன்பே, சில நிமிடங்களுக்குள், மூளையை 10 டிகிரிக்குக் கொண்டுபோவது வேறொரு சிகிச்சை. இரண்டையும் ஹைப்போதெர்மியா (உடல் குளிர்நிலை) என்ற ஒரே சொல்லால் அழைப்பதால்தான் ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் ஒருவரோடொருவர் பேசாமல் சொல்லோடு பேசிக்கொண்டிருக்கிறார்கள். எத்தனை டிகிரி என்று கேட்பதற்கு முன், எப்போது என்று கேட்க வேண்டும்.

டிஷர்மனின் ஆய்வில் என்னை மிகவும் யோசிக்கவைத்த பகுதி ஒப்புதல். இதயம் நின்ற ஒருவரிடம் கையெழுத்துக் கேட்க முடியாது. உறவினர் வருவதற்குள் ஐந்து நிமிடம் போய்விடும். அமெரிக்காவில் 1996 முதல் இத்தகைய அவசர ஆய்வுகளுக்கென்று ஒரு விதி இருக்கிறது: உயிருக்கு ஆபத்தான நிலை, இருக்கும் சிகிச்சை போதாமை, ஒப்புதல் பெற வழியின்மை ஆகியவை உறுதியானால், முன்கூட்டியே அந்தப் பகுதி மக்களிடம் கருத்துக் கேட்டு, ஆய்வைப் பற்றி வெளிப்படையாக அறிவித்து, அதன்பின் தனிநபர் ஒப்புதல் இல்லாமலே தொடங்கலாம். அப்படியே செய்தித்தாள்களில் அறிவித்தார்கள். தனக்கு வேண்டாம் என்கிறவர்கள் முன்பே சொல்லி விலகிக்கொள்ள வழி வைத்தார்கள். பிழைப்பவர்கள் நூற்றுக்கு 5 பேருக்கும் குறைவு என்ற நிலையில் இருப்பவர்களுக்கு, கேட்காமலே புதிய வாய்ப்பைக் கொடுப்பது நியாயம் என்று என் அறிவு ஏற்கிறது. ஆனால் குண்டும் கத்தியும் எல்லாத் தெருக்களிலும் ஒரே அளவில் விழுவதில்லை. வறியவர்களும் இளைஞர்களும் வாழும் தெருக்களில்தான் அதிகம் விழுகின்றன. செய்தித்தாள் அறிவிப்பு அந்தத் தெருக்களில் யார் கண்ணில் படும்? இதயம் திரும்பி மூளை திரும்பாவிட்டால் அந்த வாழ்க்கையைச் சுமக்கப்போவது எந்தக் குடும்பம்? சாஃபரின் சொந்த வீட்டிலேயே கேட்கப்பட்ட கேள்வி இது. அறிவிப்புக் கொடுத்தாயிற்று என்று கோப்பை மூடிவிடாமல், அந்தத் தெருக்களில் போய் உட்கார்ந்து பேசுகிறவர்களால்தான் இந்த ஆய்வு தாங்கும்.

2019 நவம்பரில், குறைந்தது ஒரு நோயாளியையாவது இந்த நிலைக்குக் கொண்டுபோயிருக்கிறோம் என்று டிஷர்மன் சொன்னபோது, உயிரை உறையவைத்தார்கள் என்று செய்திகள் பரவின. அந்தச் சொல் எனக்குப் பிடிக்கவில்லை. 10 டிகிரியில் எதுவும் உறைவதில்லை. விண்வெளிப் பயணத்துக்காக யாரையும் தூங்கவைக்கவில்லை. ஓட்டையைத் தைக்கக் கொஞ்சம் நேரம் கேட்கிறார்கள். டிஷர்மன் குழுவினரே இதை அவசரக் காப்பும் மீட்பும் என்ற பொருளில்தான் பெயரிட்டிருக்கிறார்கள். அந்தப் பெயரில் காப்பு முதலில் வருவதைக் கவனியுங்கள். இதைச் செய்ய நெஞ்சைத் திறக்கும் அறுவை மருத்துவர், இயந்திரத்தை இயக்குகிறவர், மயக்க மருத்துவர், இரத்த வங்கி என்று எல்லோரும் நள்ளிரவிலும் சில நிமிடங்களில் கூடவேண்டும். அது அமையாத இடத்தில் யாரும் பனிக்குளிர்ந்த சலைனைக் கையில் எடுத்துவிடக் கூடாது என்பதை அழுத்தியே சொல்கிறேன். இதயம் துடிக்கிற வரைக்கும், காயப்பட்டவருக்கு வேண்டியது கசிவை அழுத்திப் பிடிக்கும் கை, விரைவாக இரத்தம், முதல் 3 மணி நேரத்துக்குள், உறைந்த இரத்தம் கரையாமல் காக்கும் ட்ரனெக்சாமிக் அமிலம், அப்புறம் சூடு.

முதலில் சொன்ன அந்த இளைஞருக்கும் அன்று சூடுதான் கொடுத்தோம். அறுவை அரங்கிலிருந்து தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றும்போது 34.1. சூடான காற்று ஊதும் போர்வை ஓயாமல் இரைந்துகொண்டிருந்தது. இரத்தப் பைகள் சூடேற்றியின் வழியாக ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. ஊசித் துளைகளில் கசிவு நின்றதை விடியும் நேரத்தில் செவிலியர்தான் முதலில் கவனித்துச் சொன்னார். தசைத் தளர்ச்சி மருந்தின் வேகம் குறையக் குறைய, 35.3 டிகிரியில், அவருடைய தாடை மெல்ல ஆடத் தொடங்கியது. பிறகு தோள்கள், பிறகு கட்டில் முழுவதும் அதிர்ந்தது. வழக்கமாக நடுக்கத்தைக் கண்டால் மருந்து கொடுத்து உடனே அடக்குவோம். அது ஆக்சிஜனை வீணாக்கும். அன்றும் அடக்கினேன். ஆனால் மருந்தைச் செலுத்துவதற்கு முன் ஒரு நொடி அவருடைய தோளில் கைவைத்து அந்த நடுக்கத்தை உணர்ந்துகொண்டேன். நடுங்குவதற்கு அந்த உடலில் மறுபடியும் ஏதோ மிச்சம் இருந்தது.